தவணைக் காசுக்காக நிலத்தை எழுதிக் கொடுக்காதீர்கள்

கேள்வி: புதுக்கோட்டை மாவட்டம் அறந்தாங்கி பக்கம் எங்கள் ஊர். அப்பா பெயரில் இரண்டு ஏக்கர் நாற்பது சென்ட் கண்மாய்ப் பாசன நிலம் இருக்கிறது, இரண்டு வருடமாகப் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் வாரத்துக்கு (விளைச்சலில் பங்கு என்ற பேச்சில்) எடுத்து நடவு செய்கிறார். அப்பா 2023 ஜூன் மாதம் இறந்துவிட்டார். அவர் கணக்குக்கு வந்துகொண்டிருந்த பிஎம் கிசான் பணம் அதற்குப் பிறகும் ஐந்து தவணை வந்திருக்கிறது, அதை ஏடிஎம் கார்டு வைத்திருந்த அண்ணன் எடுத்துவிட்டார். இப்போது வேளாண்மை அலுவலகத்திலிருந்து ஆள் வந்து, பத்தாயிரத்தையும் திருப்பிக் கட்டுங்கள், இல்லையென்றால் வழக்கு வரும் என்று வாய்மொழியாகச் சொல்லிவிட்டுப் போனார். அம்மா பெயரில் விண்ணப்பிக்கப் போனால், பட்டா அவர் பெயரில் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அண்ணன் அரசுப் பள்ளி ஆசிரியர். "நீயும் தங்கையும் எனக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுங்கள், பட்டா என் பெயருக்கு மாறினால்தான் கிசான் பணம் திரும்ப வரும்" என்று அவசரப்படுத்துகிறார். நாங்கள் இருவரும் திருமணமாகி வெளியூரில் இருக்கிறோம், நான் திருப்பூரில். கையெழுத்துப் போடலாமா? அந்தப் பத்தாயிரத்தை யார் கட்ட வேண்டும்?

பதில்: சகோதரி, கையெழுத்துப் போடாதீர்கள். தங்கையிடமும் இன்றைக்கே போன் செய்து சொல்லிவிடுங்கள். அம்மாவுக்குத் தவணை வருவதற்கு மகள்கள் யாரும் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதித் தர வேண்டும் என்று அந்தத் திட்டத்தில் எங்கேயும் இல்லை. அதோடு, அண்ணன் சொல்கிறபடி செய்தால் நடக்கப் போவது அவர் சொல்வதற்கு நேர் எதிரானது. நிலம் முழுக்க அவர் பெயருக்குப் போய்விட்டால் உங்கள் வீட்டில் ஒருவருக்கும் கிசான் பணம் வராது.

ஏன் என்று சொல்கிறேன். பிஎம் கிசான் 2018 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கும் மத்திய அரசுத் திட்டம், ஆண்டுக்கு 6,000 ரூபாய், நான்கு மாதத்துக்கு ஒருமுறை 2,000 வீதம் மூன்று தவணை. முதலில் இரண்டு ஹெக்டேர் வரை நிலம் உள்ளவர்களுக்கு மட்டும் என்று இருந்தது, 2019-லேயே அந்த வரம்பை எடுத்துவிட்டார்கள். ஆனால் யாருக்குக் கிடையாது என்று ஒரு பட்டியல் இருக்கிறது. மத்திய, மாநில அரசு ஊழியர்கள், ஓய்வு பெற்ற அரசு ஊழியர்களில் மாதம் 10,000 ரூபாயோ அதற்கு மேலோ ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் (இந்த இரண்டிலும் கடைநிலை ஊழியர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு), கடந்த மதிப்பீட்டு ஆண்டில் வருமான வரி கட்டியவர்கள், பதிவு செய்து தொழில் நடத்தும் மருத்துவர், பொறியாளர், வழக்கறிஞர், தணிக்கையாளர், இந்நாள் முன்னாள் அமைச்சர்கள், சட்டமன்ற உறுப்பினர்கள் என்று அது நீளும். அரசுப் பள்ளி ஆசிரியர் இந்தப் பட்டியலுக்குள் நேராக வந்துவிடுகிறார். அவர் பெயரில் பத்து ஏக்கர் இருந்தாலும் ஒரு தவணைகூட வாங்க முடியாது. தெரிந்தே மறைத்துப் பதிவு செய்தால் அவர் வேலைக்கே சிக்கல். இது அவருக்குத் தெரியாமல் இருக்கலாம், தெரிந்தே சொல்கிறாரா என்று நான் இங்கே உட்கார்ந்துகொண்டு முடிவு செய்யக் கூடாது. ஆனால் பத்திரத்துக்கு அவர் சொல்லும் காரணம் சட்டப்படி நிற்காது என்பது நிச்சயம்.

இங்கே நிறையப் பேர் குழம்புகிற இடம் ஒன்று உண்டு. "மகன் கவர்ன்மென்ட் வேலையில் இருக்கிறார், அதனால் அம்மாவுக்கும் கிடையாது" என்று இ-சேவை மையத்தில் சொல்வார்கள், சில சமயம் அலுவலகத்திலேயே சொல்வார்கள். அது தவறு. இந்தத் திட்டத்தில் குடும்பம் என்றால் கணவன், மனைவி, பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகள், அவ்வளவுதான். ரேஷன் கார்டில் யார் யார் பெயர் இருக்கிறது, ஒரே வீட்டில் எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள் என்பதெல்லாம் இதில் கணக்கில்லை. உங்கள் அம்மா கணவரை இழந்தவர், பிள்ளைகள் எல்லோரும் வயதுக்கு வந்தவர்கள். அப்படியென்றால் அவர் தனி ஒரு குடும்பம். அண்ணனுடைய சம்பளம் அம்மாவின் தகுதியைத் தொடாது. முதியோர் உதவித்தொகை வாங்கினாலும் அதனால் தடை இல்லை, பத்தாயிரம் என்ற வரம்பு ஓய்வு பெற்ற அரசு ஊழியர்களின் ஓய்வூதியத்துக்குத்தான்.

2019 பிப்ரவரி 1 என்று ஒரு தேதி இருக்கிறது, அதையும் கவனியுங்கள். அந்தத் தேதிக்குப் பிறகு விலைக்கு வாங்கியோ, எழுதி வாங்கியோ நிலம் பெற்றவர்களை இந்தத் திட்டம் சந்தேகத்தோடுதான் பார்க்கிறது, அப்படிப்பட்ட பலருடைய தவணையை நிறுத்தி வைத்து விசாரிக்கிறார்கள். நில உரிமையாளர் இறந்து வாரிசுக்கு வந்த நிலத்துக்கு மட்டும் விதிவிலக்கு கொடுத்திருக்கிறார்கள். உங்கள் அம்மாவுக்கு நிலம் வருவது அப்பாவின் மரணத்தால். அந்த விதிவிலக்கு கையில் இருக்கும்போது, நடுவில் விடுதலைப் பத்திரம், செட்டில்மெண்ட் என்று போய் நல்ல வழியை நாமே கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

சரி, அப்படியானால் செய்ய வேண்டியது கூட்டுப் பட்டா. அப்பாவின் இறப்புச் சான்றிதழ், வட்டாட்சியர் கொடுக்கும் வாரிசுச் சான்றிதழ், பழைய பட்டா, வில்லங்கச் சான்று, ஆதார், இவற்றை வைத்து அம்மா, அண்ணன், நீங்கள், தங்கை நால்வர் பெயரிலும் பட்டா மாற்றக் கேட்டு இ-சேவை மையத்திலோ தமிழ் நிலம் தளத்திலோ விண்ணப்பியுங்கள். நிலத்தைப் பிரிக்காமல் பெயரை மட்டும் மாற்றுவதால் உட்பிரிவு அளவை வேலை கிடையாது, அதனால் சர்வேயருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் வழியாகப் போகும். அண்ணன் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் ஆகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், வாரிசுகளில் ஒருவர் விண்ணப்பித்தாலே மற்றவர்களுக்கு அறிவிப்புக் கொடுத்து விசாரித்து உத்தரவு போட வேண்டியது அவர்கள் கடமை.

பட்டாவில் நால்வர் பெயரும் வந்துவிட்டால், அந்த நால்வரில் தகுதியுள்ள ஒவ்வொருவரும் தனித்தனிக் குடும்பமாக விண்ணப்பிக்கலாம். ஒரே நிலத்தில் பல உரிமையாளர் இருந்தால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனியாக 6,000 உண்டு என்று திட்டத்தின் விளக்கத்திலேயே சொல்லியிருக்கிறார்கள். அம்மாவுக்குக் கிடைக்கும். உங்களுக்கும் தங்கைக்கும், உங்கள் கணவர்மார் வேலையையும் வரியையும் பொறுத்துக் கிடைக்கலாம். அண்ணனுக்குக் கிடையாது. கணவனும் மனைவியும் இரண்டு பேர் பெயரில் வாங்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன், உங்கள் கணவர் பெயரில் அவர் ஊரில் ஏற்கெனவே வந்துகொண்டிருந்தால் நீங்கள் விண்ணப்பிக்க வேண்டாம். அவர் வங்கிக் கடனுக்காக வருமான வரிக் கணக்கு மட்டும் தாக்கல் செய்து, வரி எதுவும் கட்டவில்லை என்றால் விதிப்படி தடை இல்லை, ஏனென்றால் விதி சொல்வது வரி கட்டியவர்களை. ஆனால் கணினி சில சமயம் தாக்கல் செய்தவர்களையும் சேர்த்து ஒதுக்கிவிடும், அப்போது கணக்குத் தாக்கல் ஒப்புகையைக் காட்டி முறையிட வேண்டியிருக்கும்.

இன்னொரு அவசரமும் இருக்கிறது. 2025 முதல் தமிழ்நாட்டில் விவசாயிகளுக்குத் தனித்துவ அடையாள எண் கொடுத்து வருகிறார்கள். இனி மானியம், நிவாரணம் எதுவானாலும் நில ஆவணத்தோடு பெயர் சேர்ந்திருந்தால்தான் நடக்கும் என்ற நிலைமை வந்துகொண்டிருக்கிறது. இறந்தவர் பெயரிலேயே பட்டாவை விட்டுவைத்திருக்கும் குடும்பங்கள்தான் இதில் முதலில் அடிபடும், நம் ஊர்ப்பக்கம் தாத்தா பெயரிலேயே பட்டா இருக்கும் வீடுகள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். தவணையைப் பொறுத்தவரை அப்பா கணக்குக்குக் கடைசியாக வந்த 18-வது தவணைக்குப் பிறகு அம்மாவுக்குப் போன தவணைகள் போனதுதான். விண்ணப்பம் பதிவான காலத்திலிருந்துதான் கணக்கு, பின்தேதியிட்டுக் கிடைக்காது. 21-வது தவணையை 2025 நவம்பர் 19-ல் கோயம்புத்தூரிலேயே விட்டார்கள், அதுவும் உங்கள் வீட்டுக்கு வந்திருக்காது. தள்ளிப்போடும் ஒவ்வொரு நான்கு மாதமும் 2,000 ரூபாய்.

இப்போது அந்தப் பத்தாயிரம். நீங்கள் சொன்ன மாதத்தை வைத்துப் பார்த்தால் 2023 ஜூலை 27-ல் வந்த 14-வது தவணையில் தொடங்கி 2024 அக்டோபர் 5-ல் வந்த 18-வது தவணை வரை, மொத்தம் ஐந்து, கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. அந்தப் பணத்தில் உங்கள் குடும்பத்துக்கு உரிமை இல்லை. உதவித்தொகை உயிரோடு இருக்கும் விவசாயிக்கு, அது சொத்துபோல வாரிசுக்கு இறங்காது. தவறுதலாகக் கொடுத்த பணத்தை வாங்கியவர் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று ஒப்பந்தச் சட்டத்தின் 72-வது பிரிவு சொல்கிறது. அதிகப்படியாகக் கொடுத்த சம்பளத்தைத் திரும்பப் பிடிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் ரஃபீக் மசி வழக்கில் சொன்னதை யாராவது உங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கலாம். அது அரசு ஊழியர்களின் சம்பள விவகாரம், இதற்கு ஒட்டாது. எனவே கட்டத்தான் வேண்டும்.

யார் கட்ட வேண்டும் என்றால், எடுத்தவர். அப்பாவின் கடனுக்கு வாரிசுகள் அவர் விட்டுப்போன சொத்து அளவுக்குப் பொறுப்பு. ஆனால் இது அப்பாவின் கடன் இல்லை, அப்பா போன பிறகு அவர் கணக்கிலிருந்து ஒருவர் எடுத்த பணம். இறந்தவர் வங்கிக் கணக்கை ஏடிஎம் கார்டு வைத்து இயக்குவதே தப்பு. கெட்ட எண்ணத்தோடு எடுத்தார் என்று நிரூபித்தால் பாரதிய நியாய சன்ஹிதாவில் கையாடலுக்கு 314, இறந்தவர் உடைமையைக் கையாடியதற்கு 315 என்று பிரிவுகள் இருக்கின்றன, 2024 ஜூலைக்கு முந்தைய தவணைகளுக்குப் பழைய தண்டனைச் சட்டத்தின் 403, 404. இதைச் சொல்வது அண்ணனைப் போலீசில் மாட்டிவிடுவதற்காக இல்லை. பெரும்பாலான வீடுகளில் "அப்பா கணக்கில் காசு வந்திருக்கிறது, எடுத்து வீட்டுச் செலவுக்கு வைப்போம்" என்றுதான் நடக்கிறது, அதில் திருட்டு எண்ணம் இருக்காது, தானாக முன்வந்து திருப்பிக் கட்டினால் யாரும் வழக்குப் போட மாட்டார்கள்.

ஒன்றை மட்டும் அம்மாவிடம் விசாரித்துத் தெரிந்துகொள்ளுங்கள். இந்தத் திட்டத்துக்கு இ-கேஒய்சி (ஆதார் வழியாக அடையாளத்தைச் சரிபார்ப்பது) கட்டாயமானது 2022-ல். அப்பா உயிரோடு இருக்கும்போதே கைரேகை வைத்தோ ஓடிபி சொல்லியோ முடித்திருந்தால் பிரச்சினை இல்லை. அவர் இறந்த பிறகு அவருடைய செல்போனுக்கு வந்த ஓடிபியைச் சொல்லி யாராவது முடித்திருந்தால், அப்போது விஷயம் வேறு. இறந்தவர் உயிரோடு இருப்பதாகக் காட்டியது ஏமாற்று வேலையாகிவிடும், அரசு ஊழியராக இருப்பவருக்கு நடத்தை விதிகளின்படி துறை நடவடிக்கையும் சேர்ந்து வரும். அண்ணனிடம் சண்டையாகப் பேசாமல் இதைச் சொல்லுங்கள். பத்தாயிரத்தை உடனே கட்டி முடிப்பது எல்லோரையும்விட அவருக்குத்தான் நல்லது.

கட்டும்போது எவர் கையிலும் ரொக்கமாகக் கொடுக்கக் கூடாது, எவ்வளவு தெரிந்த அலுவலராக இருந்தாலும் சரி. முதலில் வட்டார வேளாண்மை உதவி இயக்குநருக்கு அம்மா பெயரில் ஒரு கடிதம் எழுதுங்கள்: இன்ன தேதியில் கணவர் இறந்தார், எந்தெந்தத் தவணை தவறாக வந்தது என்று எழுத்தில் தெரிவியுங்கள், எந்தக் கணக்கில் எப்படிச் செலுத்துவது என்று சொல்லுங்கள், செலுத்தத் தயாராக இருக்கிறோம். இதைப் பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு அனுப்புங்கள். பிஎம் கிசான் இணையதளத்திலேயே திருப்பிச் செலுத்தும் வசதி இருக்கிறது, அதிலும் கட்டலாம், ரசீதை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அண்ணன் கட்ட மறுத்தால் அம்மாவே கட்டிவிடட்டும், எடுத்தவர் மகன், கட்டியது நான் என்று அந்தக் கடிதத்திலேயே ஒரு வரி இருக்கட்டும். நாளைக்குப் பாகப்பிரிவினை பேசும்போது அதைக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். கையோடு வங்கியில் இறப்புச் சான்றிதழைக் கொடுத்து அப்பாவின் கணக்கை மூடிவிடுங்கள்.

பத்தாயிரம் வராவிட்டால் அம்மாவின் விண்ணப்பத்தை நிறுத்தி வைப்போம் என்று சொன்னால், அப்படி ஒரு காரணம் தகுதியின்மைப் பட்டியலில் இல்லை. ஆனாலும் அலுவலர்கள் ஏன் இவ்வளவு கெடுபிடி செய்கிறார்கள் என்பதையும் புரிந்துகொள்ளுங்கள். 2020-ல் கொரோனா நேரத்தில் கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி என்று பல மாவட்டங்களில் தகுதியில்லாத லட்சக்கணக்கானவர்களைப் பட்டியலில் ஏற்றி, 110 கோடி ரூபாய் அளவுக்குப் பணம் போனது தெரியவந்து, சிபிசிஐடி விசாரணை வரை போனது. ஊழியர்கள் பலர் வேலையிழந்தார்கள். அதற்குப் பிறகு கீழ்நிலை அலுவலர் ஒவ்வொருவரும் ஒரு பெயரை ஏற்றும் முன் பலமுறை யோசிக்கிறார். ஆவணம் முழுமையாக இருந்தால் அவருக்கும் பயம் இருக்காது.

எல்லாம் சரியாகக் கொடுத்தும் நகரவில்லை என்றால், மாதந்தோறும் கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாளில் அம்மாவை மனுவோடு போகச் சொல்லுங்கள், மனு எண் வாங்காமல் திரும்ப வேண்டாம். பிறகு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, விண்ணப்பம் யார் மேசையில் எந்தத் தேதியிலிருந்து இருக்கிறது, நிராகரித்திருந்தால் எந்த விதியின்படி என்று கேளுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். என் அனுபவத்தில் பாதி விண்ணப்பங்கள் இந்தக் கேள்வி போன பிறகு தானாக நகர்ந்துவிடும். அதற்கும் அசையாவிட்டால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில், மனுவைப் பரிசீலித்து உத்தரவு போடச் சொல்லி ரிட் மனு போடலாம், உங்கள் மாவட்டம் அதன் எல்லைக்குள்தான் வருகிறது. செலவுக்குப் பயப்பட வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, 1987-ம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12-வது பிரிவு அதைக் கொடுக்கிறது. புதுக்கோட்டை நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட ஆணைக்குழுவில் கேளுங்கள், அல்லது 15100 என்ற எண்ணுக்கு அழையுங்கள்.

மகள்களின் பங்கைப் பற்றி அண்ணன் "கல்யாணம் செய்து கொடுத்தாகிவிட்டது" என்று பேசுவார், கேட்டுக் கேட்டு எனக்கு இந்த வார்த்தை பழகிவிட்டது. நிலம் அப்பா சம்பாதித்து வாங்கியது, உயில் எதுவும் எழுதவில்லை என்றால், இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 8-வது பிரிவின்படி அம்மாவுக்கும் உங்கள் மூவருக்கும் ஆளுக்குக் கால் பங்கு. அப்பாவின் தாயார் உயிரோடு இருந்தால் அவருக்கும் சம பங்கு உண்டு, அப்போது ஐந்தாகப் பிரியும். பூர்வீகச் சொத்தாக இருந்தால் கணக்குப் போடும் முறை மாறும், ஆனால் மகளுக்கும் மகனுக்கும் வித்தியாசம் கிடையாது, 2005-ம் ஆண்டுத் திருத்தமும் அதை உறுதிப்படுத்திய உச்ச நீதிமன்றத்தின் 2020-ம் ஆண்டு வினீதா சர்மா தீர்ப்பும் இருக்கின்றன. கல்யாணச் செலவு, போட்ட நகை, சீர் எதுவும் இந்தப் பங்கைக் குறைக்காது. விடுதலைப் பத்திரம் பதிவாகிவிட்டால் அதை உடைக்க சிவில் கோர்ட்டில் வருடக்கணக்கில் நடக்க வேண்டியிருக்கும், மோசடி, மிரட்டல் என்று நிரூபிக்கும் சுமையும் உங்கள் தலையில்தான். நாளைக்கு உண்மையிலேயே விட்டுக்கொடுக்க மனசிருந்தால் அப்போது அம்மாவுக்கு எழுதிக் கொடுங்கள், அது வேறு பேச்சு.

நாளைக்கே இ-சேவை மையத்தில் பட்டா சிட்டாவை எடுத்துப் பாருங்கள். அண்ணன் ஏற்கெனவே மகள்கள் பெயரை விட்டுவிட்டு வாரிசுச் சான்றிதழ் வாங்கி மாற்றியிருந்தால், தாமதிக்காமல் கோட்டாட்சியரிடம் பட்டா பாஸ்புக் சட்டத்தின் 12-வது பிரிவில் மேல்முறையீடு செய்யுங்கள். பட்டா அவர் பெயருக்குப் போனதாலேயே நிலம் அவருடையது ஆகிவிடாது, உரிமையை முடிவு செய்வது சிவில் கோர்ட்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வாரத்துக்கு நடவு செய்கிறவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கிசான் பணம் நிலத்துச் சொந்தக்காரருக்குத்தான், சேற்றில் இறங்கி உழைக்கிற குத்தகைக்காரருக்கும் வாரக்காரருக்கும் அதில் ஒரு பைசா கிடையாது. இது நியாயமில்லை என்பது என் கருத்து, வருடக்கணக்காகச் சொல்லிவருகிறேன். ஆனால் பயிர்க் காப்பீட்டில் அவருக்கு இடம் இருக்கிறது. சம்பா நெல்லுக்குக் காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை சதவீதம்தான் விவசாயியின் பிரீமியம், சாகுபடி செய்கிறவர் அவர் என்று கிராம நிர்வாக அலுவலர் அடங்கலில் (எந்த நிலத்தில் யார் என்ன பயிர் செய்கிறார் என்ற கிராமக் கணக்கில்) எழுதிக் கொடுத்தால் அவர் பெயரிலேயே கட்டலாம். அந்த அடங்கல் வாங்க உங்கள் அம்மா ஆட்சேபிக்காமல் இருந்தால் போதும். மழை ஏமாற்றினாலும் மடை உடைந்தாலும் நஷ்டம் அவருக்குத்தானே, இழப்பீடும் அவர் கைக்குப் போகட்டும். அவர் பெயர் அடங்கலில் ஏறினால் நிலம் பறிபோய்விடும் என்று ஊரில் பயமுறுத்துவார்கள். சாகுபடி அடங்கல் உரிமைப் பத்திரம் ஆகாது. 1955-ம் ஆண்டு குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் அவரைத் திடீரென்று வெளியேற்றுவதைத் தடுக்கும், சொந்தக்காரர் ஆக்காது. அதனால் வாரப் பேச்சை இரண்டு தரப்பும் கையெழுத்திட்டு ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், எத்தனை பங்கு, எந்தப் பருவம், உரச் செலவு யார் என்பது உட்பட.

மூலப் பத்திரம் யாரிடம் இருக்கிறது என்று கேள்வியில் எழுதவில்லை. அண்ணனிடம் இருந்தால் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம், சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கிடைக்கும். அதைப் பார்த்தால்தான் நிலம் அப்பா வாங்கியதா, தாத்தா வழி வந்ததா என்பது தெரியும், பங்குக் கணக்கை அதன் பிறகு உறுதியாகச் சொல்கிறேன்.